ஸ்லீவ் எல்லாம் எர்த் இல்லை

பழைய கம்ப்யூட்டர் ஹெட்செட் ஒன்று மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. நல்ல மெத்தை வைத்த காதுகள், வளைத்தால் வளைத்த இடத்தில் நிற்கும் மைக் தண்டு, ஒயர்கூட இன்னும் இற்றுப்போகவில்லை. பக்கத்தில் என் வாக்கி டாக்கி. ஹாம் ரேடியோக்காரர்கள் சாயங்காலம் கூடிப் பேசும் நெட்டில் ஒரு மணி நேரம் அதைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தால் மணிக்கட்டு வலிக்கிறது. சரி, இதையும் அதையும் சேர்த்துவிட்டால் என்ன, அரை மணி நேர வேலைதானே என்று உட்கார்ந்தேன். இரண்டு வாரம் ஆனது.

இரண்டு துளை உள்ள ரேடியோ. ஒன்று 3.5 மி.மீ., இன்னொன்று 2.5 மி.மீ. இதற்குப் பொதுப் பெயர் கென்வுட் 2-பின். பெயர்தான் கென்வுட், பாவோஃபெங் யுவி-5ஆர் தொடங்கி மலிவு விலை சீன செட்டுகளில் பெரும்பாலானவை இதையேதான் வைத்திருக்கின்றன. இரண்டு ஸ்டீரியோ பின், ஒரு முழம் ஒயர், அழுத்திப் பேச ஒரு பட்டன், எல்லாம் எடுத்து வைத்தேன். மைக் எதில், ஸ்பீக்கர் எதில் என்று பார்த்து ஈயம் வைத்தாயிற்று. மிச்சம் இருந்தது எர்த் மட்டும். பாட்டு கேட்கும் இயர்போனில் ஆரம்பித்து கிட்டார் ஒயர் வரைக்கும், பின்னின் அடிப்பகுதி, அதான் ஸ்லீவ், எர்த்தாகத்தான் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் யோசிக்கவே இல்லை, இரண்டு பின்னின் ஸ்லீவையும் சேர்த்து முறுக்கி ஒரு பொட்டு ஈயம் வைத்து, மேலே டேப் சுற்றி, பெருமையாக மாட்டினேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

விளக்கு சிவந்தால் செட் அலைபரப்புகிறது என்று அர்த்தம், பட்டனை நான் தொடவே இல்லை. பட்டன் கோளாறு என்று நினைத்து அதை வெட்டி எடுத்தேன். அப்போதும் சிவப்பு. மைக் ஒயரைக் கழற்றினேன். சிவப்பு. ஸ்பீக்கரையும் கழற்றி, கடைசியில் இரண்டு பின்னும் அவற்றைச் சேர்க்கும் ஒரே ஒரு ஒயரும் மட்டும் மிச்சம், அதை மாட்டினாலும் ரேடியோ அலைபரப்பிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த நிமிஷம்தான் மண்டையில் உறைத்தது, அந்த ஒரே ஒயர்தான் பட்டன்.

இந்த வகை செட்டில் பேசுவதற்கான சுவிட்ச், அதாவது பிடிடி, வேலை செய்யும் விதமே அதுதான். 2.5 பின்னின் ஸ்லீவும் 3.5 பின்னின் ஸ்லீவும் ஒன்றையொன்று தொட்டால் ரேடியோ அலைபரப்பத் தொடங்கும். விட்டால் நிற்கும். மைக் 3.5 பின்னின் நடு வளையத்தில். ஸ்பீக்கர் 2.5 பின்னின் நுனியில். நடுவில் மீதி இருக்கும் தொடுமுனைகளில் சில, கம்ப்யூட்டரிலிருந்து சேனல் ஏற்றும் கேபிளுக்கு உதவுகின்றன, நமக்கு இங்கே தேவையில்லை. கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டோடு ரேடியோவை இணைத்துத் தரவு அனுப்பப் பார்ப்பவர்கள் விழுவதும் இதே குழியில்தான். கம்ப்யூட்டரில் மைக் எர்த்தும் ஸ்பீக்கர் எர்த்தும் உள்ளே ஒன்றுதான், ஆகவே இரண்டு ஒயரையும் நேராக மாட்டிய உடனே செட் கத்த ஆரம்பித்துவிடும்.

இதைப் புரிந்துகொண்டபின் மற்ற கம்பெனிகள் என்ன செய்கின்றன என்று பார்த்தேன், பார்த்தால் ஆளுக்கொரு வழி. ஐகாமின் இரண்டு துளை செட்டுகளில் தலைகீழ்: 2.5 மி.மீ. மைக்குக்கு, 3.5 மி.மீ. ஸ்பீக்கருக்கு. பிடிடிக்கென்று தனி ஒயரே கிடையாது. மைக் போகும் ஒயரிலேயே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் நேர்மின்சாரம் எர்த்துக்கு ஓடினால், ‘ஓ, பேசப் போகிறார்’ என்று செட் புரிந்துகொள்ளும். பழைய யேசு செட்டுகளும் இதே குடும்பம். அப்புறம் யேசுவே எஃப்டி-60ஆர் போன்றவற்றில் ஒரே துளைக்கு மாறி, நாலு தொடுமுனை உள்ள ஒற்றைப் பின்னில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டது. மோட்டரோலாவின் 2-பின்னிலும் அதே 2.5, அதே 3.5, ஆனால் இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி வேறு. இடைவெளி வேறாக இருப்பது உண்மையில் நல்லது, தவறாகச் செருக முடியாது. தனித்தனிப் பின்னாக வாங்கி நாமே அடாப்டர் கட்டும்போதுதான் வில்லங்கம், எல்லாம் எல்லாவற்றிலும் நுழையும்.

போன் இயர்போனைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவும் 3.5 தானே என்று ரேடியோவில் செருகிப் பார்க்காதவர்கள் குறைவு. அதில் நாலு தொடுமுனை: நுனி இடது காது, அடுத்தது வலது காது, அதற்கடுத்து எர்த், கடைசியில் ஸ்லீவில் மைக். அதாவது அங்கே ஸ்லீவ் எர்த்தே இல்லை. இன்னும் பழைய போன்களில் அந்தக் கடைசி இரண்டும் இடம் மாறி இருக்கும். இதைக் கொண்டுபோய் மூன்று தொடுமுனைத் துளையில் விட்டால் எது எதைத் தொடும் என்பது அதிர்ஷ்டம்.

அதனால் இப்போது எந்த ஹெட்செட் கைக்கு வந்தாலும், ரேடியோ பக்கமே கொண்டுபோகாமல் முதலில் மல்டிமீட்டரோடு உட்காருகிறேன். பீப் ஒலிக்கும் கன்டினியூட்டி நிலையில் வைத்து, ஒரு முனையை ஒரு ஸ்லீவிலும் மறுமுனையை இன்னொரு ஸ்லீவிலும் வைத்துப் பிடிடி பட்டனை அழுத்துவேன். பீப் வந்தால் கென்வுட் சாதி. வரவில்லை என்றால் அழுத்திய படியே மற்ற ஜோடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்பீக்கரைக் கண்டுபிடிப்பது குழந்தை விளையாட்டு, ஓம் நிலையில் முனையை வைத்ததும் காதில் ‘கர்க்’ என்று ஒரு சத்தம் வரும், மீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கராக இருந்தால் 7 ஓம் பக்கம் காட்டும். மைக் இன்னும் சுவாரஸ்யம். எலக்ட்ரெட் மைக்காக இருந்தால் ஓம் ஆயிரக்கணக்கில் இருக்கும், முனையைப் பிடித்தபடி மைக்கில் ஊதினால் மீட்டரின் எண் குதிக்கும். முதல்முறை அதைப் பார்த்தபோது நாலைந்து தடவை சும்மா ஊதிக்கொண்டிருந்தேன்.

ஊதினால் எண் குதிப்பதற்குக் காரணம், எலக்ட்ரெட் மைக்கின் உள்ளே ஒரு சின்ன டிரான்சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சாப்பாடு வேண்டும். ரேடியோ மைக் ஒயரிலேயே சில வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக அனுப்பி அதற்குத் தீனி போடுகிறது. 2.2 கிலோ ஓம் என்பது இந்த ரெசிஸ்டருக்குப் பரவலாக வைக்கும் மதிப்பு. இதற்கு பிளஸ், மைனஸ் உண்டு, மாற்றிக் கொடுத்தால் மைக் ஊமையாகிவிடும் அல்லது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். டைனமிக் மைக் வேறு ஜாதி. அது காந்தமும் சுருளும், யாரும் தீனி போட வேண்டாம், ஆனால் அது தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்தான், செட் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவு. அதை அப்படியே மாட்டினால் எதிர்முனையில் இருப்பவர் ‘கொஞ்சம் சத்தமாப் பேசுங்க’ என்றே சொல்லிக்கொண்டிருப்பார். நடுவில் ஒரு கெப்பாசிட்டர் வைத்து நேர்மின்சாரத்தைத் தடுத்து, ஒரு சின்ன பிரீஆம்ப்ளிஃபையர் போட்டால் சரியாகும். விமான ஹெட்செட் என்றால் இதற்கு நேரெதிர். அதன் மைக்குக்கு 8 முதல் 16 வோல்ட் வரை தீனி வேண்டும், அது திருப்பித் தரும் ஒலியோ சாதாரண வாக்கி டாக்கிக்குத் தாங்காத அளவு பலமானது. பின்னும் வேறு, காதுக்கு 6.35 மி.மீ., மைக்குக்கு 5.23 மி.மீ. என்று இரண்டு. அழகான ஹெட்செட் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இது.

காதுக்கு வருகிறேன். என் முதல் அடாப்டரைத் திருத்தி, ஸ்லீவ்களைப் பிரித்து, நடுவே பட்டன் வைத்து, ஹெட்செட்டை மாட்டி செட்டை ஆன் செய்தேன். வால்யூம் வழக்கமாக வைக்கும் இடத்திலேயே இருந்தது. யாரோ ஒருவர் சேனலில் வந்து பேச ஆரம்பித்தார், ஹெட்செட்டை மேசையில் எறிந்தேன். காது அரை மணி நேரம் ரீங்காரமிட்டது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். செட் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.5 வாட் தருகிறது என்றால் அங்கே மின்னழுத்தம் 2 வோல்ட். அதே 2 வோல்ட்டை 32 ஓம் ஹெட்போனுக்குக் கொடுத்தால் 125 மில்லிவாட். காதோடு ஒட்டி இருக்கும் ஒன்றுக்கு 1 மில்லிவாட்டே தாராளம். தொடராக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டேன், ஹெட்போனுக்குப் போவது 7 மில்லிவாட் பக்கம் இறங்கிவிட்டது. வால்யூம் குமிழைத் திருப்பும் இடமும் தாராளமாகக் கிடைத்தது, முன்பு ஒரு மயிரிழை திருப்பினாலே போதும் என்றிருந்தது.

இங்கே எச்சரிக்கை ஒன்று. சில செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயருமே ஆம்ப்ளிஃபையரிலிருந்து உயிரோடு வருகின்றன, எதுவும் எர்த் இல்லை. அந்த மாதிரி செட்டில் ஸ்பீக்கர் மைனஸைக் கொண்டுபோய் எர்த்தில் சேர்த்தால் ஆம்ப்ளிஃபையர் சில்லு போய்விடக்கூடும். சிவப்பு விளக்கு எரிந்தால் அணைத்துவிடலாம், இது போனால் போனதுதான். சர்க்யூட் படம் கையில் இல்லாத செட்டில் ஸ்பீக்கர் ஒயர் இரண்டையும் தனித்தனியாகவே கொண்டுபோவது என் வழக்கம்.

சரி, கேட்கிறது, பேசுகிறது. முடிந்ததா என்றால் இல்லை. குறைந்த பவரில் குரல் தெளிவாகப் போனது. பவரை ஏற்றியதும் எதிரில் இருந்தவர், ‘என்னப்பா, தேனீக் கூட்டுக்குள்ள உட்கார்ந்து பேசுற மாதிரி இருக்கு’ என்றார். ரேடியோ அனுப்பும் அலையே மைக் ஒயரில் ஏறி, மைக்குக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரில் புகுந்து, திரும்பவும் செட்டுக்குள் ஒலியாகப் போகிறது. 145 மெகாஹெர்ட்ஸில் கால் அலை நீளம் 50 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். என் ஒயரின் நீளம் எவ்வளவு என்று அளந்து பார்த்தால், ஏறக்குறைய அதேதான். நான் மைக் ஒயர் செய்யவில்லை, இரண்டாவது ஆன்டெனா செய்து வைத்திருக்கிறேன். மைக் குப்பியின் இரண்டு காலுக்கும் குறுக்கே, ‘101’ என்று எழுதிய ஒரு செராமிக் கெப்பாசிட்டர், 100 பிகோஃபாரட், ஒயருக்கு இடமே இல்லாமல் குப்பியை ஒட்டியே வைத்தேன். பின் பக்கம் ஒயரில் ஒரு ஃபெரைட் வளையம், அதில் ஒயரை மூன்று சுற்று சுற்றினேன். தேனீக்கள் போய்விட்டன. கெப்பாசிட்டரை பின் பக்கம் வைத்தால் இதே பலன் கிடைக்காது, முதலில் அங்கேதான் வைத்துப் பார்த்து ஏமாந்தேன்.

ஈயம் வைக்கும்போது இன்னொரு விஷயத்தில் ஒரு முழு மாலை போனது. ஹெட்செட் ஒயரை வெட்டினால் உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறங்களில் முடி போல மெல்லிய கம்பிகள், நடுவில் நூல். அந்த நிறம் பிளாஸ்டிக் உறை இல்லை, எனாமல் பூச்சு. அதன்மேல் ஈயம் வைத்தால் பந்தாக உருண்டு உட்காரும், ஒட்டியதுபோலவே தெரியும், மீட்டர் ஒன்றும் காட்டாது. சூட்டுக்கோல் முனையில் ஒரு பெரிய ஈயத் துளியை வைத்து, அதற்குள் கம்பியின் நுனியை இரண்டு மூன்று வினாடி முக்கிப் பிடிக்க வேண்டும், லேசாகப் புகை வரும், எனாமல் கருகி கம்பி வெள்ளியாக மாறும். நூலை முதலிலேயே வெட்டிவிடுவது நல்லது. எந்த நிறம் எதற்கு என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, ஆளுக்கொரு நிறம் போடுகிறார்கள், மீட்டர்தான் சாட்சி.

நானே கட்டிய அடாப்டரைவிட எனக்கு அதிகம் மானம் போனது கடையில் வாங்கிய ஸ்பீக்கர் மைக்கில். ஒரு நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் வழி நெடுக நின்று தகவல் சொல்லும் வேலை. தோளில் மைக்கைக் கிளிப் போட்டு, செட்டை இடுப்பில் மாட்டி, மிடுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் சேனலே அமைதியாகிவிட்டது. எல்லாம் நல்லபடியாகப் போகிறது போல என்று நானே ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் கழித்து ஒருவர் பைக்கில் வந்து இறங்கி, என் இடுப்பைக் காட்டினார். சிவப்பு விளக்கு. பின் ஒரு மில்லிமீட்டர் வெளியே வந்திருந்தது, உள்ளே இருக்கும் தகடு இரண்டு ஸ்லீவையும் எப்படியோ இணைத்துவிட்டது, என் முணுமுணுப்பு வழி முழுக்கப் போயிருக்கிறது, வேறு யாராலும் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தபோது தெரிந்தது, செட்டின் உறையில் துளைகளைச் சுற்றிப் பள்ளம் ஆழமாக இருக்கிறது, பின்னின் பிளாஸ்டிக் தோள் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் முட்டி நின்றுவிடுகிறது. கத்தியால் அந்தத் தோளைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் சீவிவிட்டேன், ‘டக்’ என்று உட்கார்ந்தது. அந்த ‘டக்’ கேட்காமல் இப்போது வெளியே கிளம்புவதில்லை. கூடவே, குறித்த நேரத்துக்கு மேல் தொடர்ந்து அலைபரப்பினால் செட்டைத் தானாக நிறுத்தும் டைம் அவுட் டைமரையும் சரிபார்த்தேன். யுவி-5ஆரில் அது 9ஆவது மெனு, 15 வினாடியிலிருந்து 600 வினாடி வரை வைக்கலாம். மற்ற செட்டுகளிலும் ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். என்னுடையதில் நான் எப்போதோ நீளமாகப் பேசுவதற்காக உச்சத்தில் வைத்து மறந்திருந்தேன். இப்போது 60.

பட்டனே வேண்டாம், பேசினால் தானாகப் போகட்டும் என்பவர்களுக்கு வாக்ஸ் இருக்கிறது. சத்தம் வந்த பிறகுதான் செட் விழிக்கும் என்பதால் முதல் அசையை விழுங்கிவிடும், ‘வணக்கம்’ சொன்னால் ‘ணக்கம்’ போகும். அதற்கு ‘ம்’ என்று தொண்டையைச் செருமி ஒரு விநாடி விட்டுப் பேசினால் போதும். காற்றடித்தாலும், பக்கத்தில் யாராவது இருமினாலும் போவதுதான் பெரிய தொல்லை. காது திறந்திருக்கும் ஹெட்செட்டில், வருகிற குரலே மைக்கில் விழுந்து உங்கள் செட்டை அலைபரப்பச் செய்துவிடும்.

அதற்காகப் பட்டன் பக்கம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒயரின் நடுவே தொங்கும் சின்னப் பட்டனில் விரல் சீக்கிரம் வழுக்கிவிடும், வாக்கியம் முடியும் முன்பே விட்டுவிடுவோம். நம் மொழியில் இது தனி ஆபத்து, ஏனென்றால் ‘இல்லை’ கடைசியில்தான் வருகிறது. ‘வண்டி வரவில்லை’ என்று சொல்லி அரை வினாடி முன்னால் விரலை எடுத்தால் எதிரில் ‘வண்டி வர’ என்றுதான் விழும். ‘போகாதே’ பாதியில் அறுந்தால் என்ன கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் முக்கியமான செய்தியில் நான் ‘இல்லை, வண்டி வரவில்லை’ என்று முன்னாலும் ஒன்று போட்டுவிடுகிறேன். கேட்க வேடிக்கையாக இருக்கும், பரவாயில்லை.

தொண்டையில் கட்டும் மைக்கையும் ஒரு நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினாலும் அது காதில் போட்டுக்கொள்ளாது, அந்த விதத்தில் அபாரம். ஆனால் ச, ஸ மாதிரி நாக்கும் பல்லும் சேர்ந்து உண்டாக்கும் சீறல் ஒலிகள் தொண்டையில் பிறப்பதில்லை, ஆகவே ‘சரி சரி’ என்றால் ‘அரி அரி’ என்று போகிறது. பட்டையும் இறுக்கமாக இருந்தால்தான் வேலை செய்யும். அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. இரைச்சலைக் குறைக்கும் மைக் எனக்கு இதைவிடப் பிடித்திருக்கிறது. முன்னும் பின்னும் துளை உள்ள அந்த மைக்கில் தூரத்துச் சத்தம் இரண்டு பக்கமும் சமமாக நுழைந்து அடிபட்டுப்போகும், உதட்டோரத்திலிருந்து வரும் குரல் மட்டும் ஒரு பக்கம் பலமாக விழும். ஒரே நிபந்தனை, உதட்டிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், திருப்பி மாட்டக் கூடாது. தாடைக்குக் கீழே தொங்கவிட்டுவிட்டு இது சரியில்லை என்று குறை சொல்பவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

மழையில் நிற்பவர்கள் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். செட்டின் மேல் ஐபி67, அதாவது தூசியும் தண்ணீரும் புகாது என்ற தரக்குறி, போட்டிருந்தால், பெரும்பாலும் துளைகளின் மூடி இறுக மூடியிருக்கும் வரைக்கும்தான் அந்தப் பேச்சு. மைக்கைச் செருக மூடியைத் திறந்தாலே தண்ணீருக்கு வாசல் திறந்தாயிற்று. அதனால்தான் திருகி இறுக்கும் இணைப்பி உள்ள செட்டுகள் எனக்குப் பிடிக்கும், விலை கையைக் கடித்தாலும்.

இப்போது ஹெட்செட் நன்றாக வேலை செய்கிறது, சாயங்கால நெட்டில் இரண்டு கையும் சும்மா இருக்கிறது. இரண்டு ஸ்லீவையும் சேர்த்துக் கட்டிய அந்த முதல் ஒயரை மட்டும் தூக்கிப் போடவில்லை. செட்டின் பவரை அளக்கும்போது, ஆன்டெனாவுக்குப் பதில், பவரை வெளியே விடாமல் சூடாக விழுங்கிவிடும் டம்மி லோடு மாட்டிவிட்டு, அந்த ஒயரைச் செருகிவிடுவேன். விரல் வலிக்கப் பட்டனைப் பிடித்திருக்க வேண்டியதில்லை, மீட்டரைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு உருவிவிடலாம். குழப்பம் வராமல் இருக்க அதன்மேல் சிவப்பு டேப் சுற்றியிருக்கிறேன்.